இரத்தக் கோளாறு ஆய்வில் எதிர்ச்சீரம்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழிமுறை

ஓர் இன விலங்கின் இரத்த அணுக்களை வேறோர் இன விலங்குக்கு ஊசியிட்டு, அதன் உடலில் உருவாகும் ஆன்டிபாடிகள் நிறைந்த சீரத்தைப் பிரித்தெடுத்து, மீண்டும் முதல் இனத்துக்கே செலுத்தினால் அந்த அணுக்கள் அழியும். இத்தகைய சீரமே எதிர்ச்சீரம். 1898இல் ஜூல் போர்டே முயலின் இரத்தத்தைக் கினிப்பன்றிக்குச் செலுத்தி, அந்தக் கினிப்பன்றியின் சீரம் முயலின் சிவப்பணுக்களைச் சிதைப்பதைக் காட்டினார். 1914இல் லெடிங்காம், தட்டணு (பிளேட்லெட்) எதிர்ச்சீரத்தைக் கொண்டு விலங்குகளில் பர்பூரா எனப்படும் தோலடி இரத்தக்கசிவை உண்டாக்கினார். 1938இல் டேமஷெக்கும் ஷ்வார்ட்ஸும் கினிப்பன்றிகளுக்குச் சிவப்பணு எதிர்ச்சீரத்தைச் செலுத்தியபோது, அதுவரை பிறவிக் குறைபாட்டின் அடையாளமாகவே கருதப்பட்டுவந்த உருண்டைச் சிவப்பணுக்கள் அந்த விலங்குகளின் இரத்தத்தில் தோன்றின. இன்று பல ஆய்வகங்கள் சுண்டெலியில், ஒரே குறியை மட்டும் பற்றும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகளைப் பயன்படுத்துகின்றன. முயலில் தயாரிக்கப்படும், பலவகை ஆன்டிபாடிகள் கலந்த பாலிகுளோனல் சீரங்களும் வழக்கொழிந்துவிடவில்லை. இரண்டிலும் சோதனை தவறும் விதங்கள் பெரும்பாலும் ஒன்றே.

பிழை மூன்று இடங்களில் இருக்கலாம்: அணுக்களை எண்ணும் முறையில், சீரத்தில், விலங்கில். இந்த வரிசையிலேயே தேடுவது நல்லது. எண்ணும் முறையைச் சரிபார்க்க அரை மணி நேரமும் ஒரு கண்ணாடித் தகடும் போதும். புதிய சீரம் தயாரிக்க மாதங்கள் ஆகும். விலங்கின் இனவழியை (ஆய்வுக்காக வளர்த்த உள்வகையை) மாற்றினால் சோதனையையே முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் நடைமுறையில் எதிர்பாராத முடிவு வந்தவுடன் சீரத்தின் மீதே முதலில் பழி விழுகிறது.

தேடத் தொடங்குமுன் எது இயல்பு என்பது மனதில் இருக்க வேண்டும். சுண்டெலியின் தட்டணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்குப் பொதுவாக 8 லட்சத்திலிருந்து 12 லட்சம் வரையும் சில இனவழிகளில் அதற்கு மேலும் இருக்கும். மனிதரில் அது ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. சுண்டெலியின் தட்டணு 4 அல்லது 5 நாட்களும் சிவப்பணு சுமார் 40 நாட்களும் வாழும். மனிதச் சிவப்பணுவின் ஆயுள் 120 நாட்கள். தட்டணு எதிர்ச்சீரம் சிரை வழியாகச் சென்றால் சில மணி நேரத்திலேயே எண்ணிக்கை அடிமட்டத்தை நெருங்கும். ஒரே ஒரு டோஸ் கொடுத்திருந்தால் இரண்டு மூன்று நாட்களில் மீட்சி தொடங்கி, பிறகு சில நாட்களுக்கு இயல்பையும் தாண்டி எண்ணிக்கை ஏறும். சிவப்பணு எதிர்ச்சீரத்தின் விளைவு அவ்வளவு விரைவாகத் தெரிவதில்லை. இரத்தசோகை முழுமையாக வெளிப்பட மூன்று நான்கு நாட்கள் ஆகலாம், இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகள் உச்சத்தை எட்டுவது அதற்கும் பின்னர்தான். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, அது ஊசியிட்டு எத்தனை மணி நேரத்தில் தோன்றியது என்பதே.

சீரம் செலுத்தியும் தட்டணு எண்ணிக்கை குறையவில்லை

கருவி தரும் எண்ணை நம்புவதற்கு முன், கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ஒரு இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பாருங்கள். மின்தடை முறையில் எண்ணும் கருவி அணுவின் வகையை அறியாது, பருமனை மட்டுமே அறியும். சுண்டெலியின் சிவப்பணு மனிதச் சிவப்பணுவில் ஏறத்தாழ பாதிப் பருமனே உடையது என்பதால், சிதைந்த சிவப்பணுத் துண்டுகள் எளிதில் தட்டணுவின் எல்லைக்குள் விழுந்துவிடுகின்றன. சீரத்தில் சிவப்பணுவுக்கு எதிரான ஆன்டிபாடியும் கொஞ்சம் கலந்திருந்தால், உண்மையில் தட்டணுக்கள் அழிந்திருந்தாலும் அந்தத் துண்டுகள் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டும். மனித இரத்தத்துக்கான அமைப்பிலேயே கருவியை ஓட்டியிருந்தால் இது இன்னும் மோசமாகும்.

பூச்சிலும் தட்டணுக்கள் நிறைய இருந்தால் ஊசியைப் பற்றி விசாரியுங்கள். வயிற்றறைக்குள் செலுத்தும் ஊசி சில வேளைகளில் குடலுக்குள்ளோ தோலடியிலோ போய்விடும். குழுவில் ஒன்றிரண்டு விலங்குகளில் மட்டும் விளைவு இல்லையென்றால் முதல் ஐயம் இதுவே. வால் சிரையில் செலுத்தும்போது ஊசிமுனையைச் சுற்றித் தோல் வெளுத்து உப்பினாலோ, பிஸ்டன் தடுத்தாலோ, மருந்து சிரைக்கு வெளியே போயிருக்கிறது. அந்த விலங்கை அப்போதே குறித்துவைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு அதை விலக்குவது ஏற்கத்தக்கதன்று.

முழுக் குழுவிலும் விளைவு இல்லையென்றால்தான் சீரத்தின் முறை வருகிறது. பல முறை உறையவைத்து உருக்கிய சீரம் வலிமை இழந்திருக்கும். தானாக உறைபனி நீக்கும் வகை உறைபெட்டி வெப்பநிலையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பதால் சேமிப்புக்கு ஏற்றதன்று. ஒரு சோதனைக்குத் தேவையான அளவுகளாகப் பிரித்து ஒருமுறை மட்டுமே உருக்குவது நல்லது. அடுத்து, சோதனைக்குழாயில் அளந்த வலிமையை விலங்கின் உடலில் எதிர்பார்க்கும் தவறு. குழாயில் சிவப்பணுச் சிதைவை அளக்கும்போது வழக்கமாகக் கினிப்பன்றியின் காம்ப்ளிமென்ட் (ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களை உடைக்கும் இரத்தப் புரதங்களின் தொகுதி) சேர்க்கப்படுகிறது; அது மிக வலிமையானது. சுண்டெலியின் காம்ப்ளிமென்ட் அணுக்களை உடைப்பதில் வலுக்குறைந்தது. அதிலும் டிபிஏ/2, ஏ/ஜே, ஏகேஆர் போன்ற இனவழிகளில் சி5 என்னும் கூறே இல்லை. காம்ப்ளிமென்டை நம்பி இயங்கும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி குழாயில் 1:1000 நீர்ப்பிலும் அணுக்களை உடைக்கலாம். இந்த விலங்குகளின் இரத்தக்குழாய்க்குள் அது அவ்வாறு செய்யாது.

ஐஜிஜி வகை ஆன்டிபாடியின் வேலை வேறு விதமானது. அது பெரும்பாலும் அணுவை நேரடியாக உடைப்பதில்லை. அணுவின் மேல் ஒட்டி, மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு அணுக்களின் எஃப்சி ஏற்பிகளுக்கு (ஆன்டிபாடியின் எஃப்சி என்னும் வால்பகுதியைப் பற்றுபவை) அதை அடையாளம் காட்டுகிறது. 1995இல் கிளைன்ஸும் ராவெச்சும் எஃப்சி ஏற்பியின் காமா சங்கிலி இல்லாத சுண்டெலிகளில் சிவப்பணு, தட்டணு எதிர் ஆன்டிபாடிகளின் அழிவு வேலை பெரிதும் தடைபடுவதைக் காட்டினர். எனவே ஆன்டிபாடியின் எஃப்சி பகுதி சிதைந்திருந்தாலோ, ஆன்டிபாடியின் துணைவகை அந்த விலங்கின் ஏற்பிகளோடு நன்கு பொருந்தாததாக இருந்தாலோ, ஒட்டும் திறன் குறையாமலேயே அழிக்கும் திறன் மட்டும் போய்விடும். அணு ஒட்டுத்திரள் சோதனையின் நீர்ப்பு எண்ணை வைத்து டோஸைத் தீர்மானிப்பது இந்தக் காரணத்தாலேயே நம்பத்தக்கதன்று. சிறு விலங்குக் குழுவில் மூன்று நான்கு டோஸ்களைச் செலுத்திப் பார்ப்பதற்கு ஈடான குறுக்குவழி எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று, பலரும் கவனிக்காதது. தட்டணு எதிர்ச்சீரத்தில் சிவப்பணு எதிர் ஆன்டிபாடி மிகுதியாகக் கலந்திருந்தால், ஆன்டிபாடி ஒட்டிய சிவப்பணுக்கள் மேக்ரோஃபேஜ்களை ஆக்கிரமித்துக்கொள்ளும்; தட்டணுக்கள் தப்பிவிடும். மனிதரில் தட்டணுக் குறைவுள்ள ஆர்எச் நேர்மறை நோயாளிகளுக்கு எதிர்-டி (சிவப்பணுவின் டி ஆன்டிஜனுக்கு எதிரான ஆன்டிபாடி) சிகிச்சை தட்டணுக்களை உயர்த்துவதும், சுண்டெலியில் டெர்-119 என்னும் சிவப்பணு எதிர் ஆன்டிபாடி தட்டணுக் குறைவைத் தணிப்பதும் இதனோடு உறவுடைய நிகழ்வுகளே. ஆக, சுத்தமில்லாத சீரம் கூடுதலாக அழிக்கும் என்ற எண்ணம் எப்போதும் சரியாவதில்லை; அது தன் விளைவைத் தானே மறைத்துக்கொள்ளவும் கூடும்.

எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது

நிறமேற்றிய ஆன்டிபாடியால் அணுக்களை அடையாளம் கண்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் தட்டணுக்களே இல்லை, ஆனால் பூச்சில் அவை தெரிகின்றன என்றால், செலுத்திய ஆன்டிபாடியும் நிறமேற்றிய ஆன்டிபாடியும் ஒரே இடத்தைத் தேடுகின்றன என்று பொருள். தட்டணுவின் மேற்பரப்புப் புரதமான சிடி41ஐக் குறிவைத்து விலங்குக்கு ஆன்டிபாடி செலுத்திவிட்டு, சிடி41ஐக் கொண்டே தட்டணுக்களை அடையாளம் காண முயன்றால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வேறொரு கிளைக்கோபுரதத்தைத் தேர்ந்தெடுங்கள். சிடி42 தொகுதி ஏற்றது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு வகையின் ஆய்வில் இந்தத் தவறு இன்னும் பரவலானது. அதன் மேற்பரப்புப் புரதமான லை6ஜியைக் குறிவைக்கும் 1ஏ8 ஆன்டிபாடியைச் செலுத்திய பிறகு அதே லை6ஜியைத் தேடினால், உயிரோடு சுற்றிவரும் நியூட்ரோஃபில்களும் காணாமல் போனவையாகவே பதிவாகும். பூச்சில் மடல்மடலான உட்கருவைப் பார்த்து எண்ணுவது பழைய முறைதான் என்றாலும், இந்த ஏமாற்றத்துக்கு அது இடம் தருவதில்லை.

தட்டணுக்கள் ஒன்றோடொன்று திரண்டிருப்பதும் போலிக் குறைவைக் காட்டும். பூச்சின் மெல்லிய இறகு விளிம்பை, குறைந்த உருப்பெருக்கத்திலேயே, ஓரத்தோடு ஓரமாக நகர்த்திப் பாருங்கள்: ஊதா நிறத் துகள்கள் பத்து, இருபது என்று ஒட்டிக்கொண்டு சிறு தீவுகளாக விளிம்பில் ஒதுங்கியிருந்தால் கருவியின் எண் பயனற்றது. வால்நுனியை வெட்டித் துளித்துளியாகப் பிழிந்தெடுத்த இரத்தத்தில் இது அடிக்கடி நேரும். திசுச்சாறு கலந்து, உறைதல் தொடங்கிவிடுகிறது. இரத்தம் தடையின்றி வர வேண்டும், உறைவெதிர்ப்பியோடு உடனே கலக்க வேண்டும், முதல் துளியை விட்டுவிட வேண்டும். ஈ.டி.டி.ஏ. குழாயில் திரண்டால் சிட்ரேட்டில் எடுத்து ஒப்பிடுங்கள்; ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற நீர்ப்பைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

சிவப்பணு ஆய்வில் இதற்கு இணையான போலி, குழாய்க்குள்ளேயே அணுக்கள் ஒட்டித் திரள்வது. சிவப்பணு எண்ணிக்கை மிகக் குறைவாகவும் சராசரி அணுப் பருமன் பொருந்தாத அளவுக்கு உயர்ந்தும் எம்.சி.எச்.சி. (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினின் சராசரி அடர்வு) இயற்கைக்கு மாறான உயரத்திலும் இருக்க, ஹீமோகுளோபின் மட்டும் ஓரளவு இயல்பாக இருந்தால் கருவி அணுக்கூட்டங்களை ஓர் அணுவாக எண்ணியிருக்கிறது. குழாயைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடிச் சுவரில் மணல்மணலாகப் படிவது வெறும் கண்ணுக்கே தெரியும். மாதிரியை 37 டிகிரியில் வைத்துச் சூடாக்கிய பிறகு திரள் கலைந்தால், அது குளிரில் ஒட்டும் ஆன்டிபாடியின் வேலை. கலையாவிட்டால் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு ஹீமோகுளோபினை மட்டும் நம்புங்கள். நுண்குழாயில் சுழற்றிப் பெறும் ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பருமன் விகிதம்) துணைக்கு வரும்.

ஒப்பீட்டுக் குழுவிலும் அணுக்கள் குறைகின்றன

இயல்பான முயல் சீரம் வெறும் புரதக் கரைசல் அன்று. ஓர் இனத்தின் இரத்தத்தில் மற்றோர் இனத்தின் அணுக்களுக்கு எதிரான இயற்கை ஆன்டிபாடிகள் நோய்த்தடுப்பு ஊசி எதுவும் இல்லாமலேயே இருக்கும். எனவே உப்புநீர் மட்டும் பெற்ற குழு, ஊசியிடாத முயலின் சீரம் பெற்ற குழு ஆகிய இரண்டும் தேவை. எல்லாவற்றிலும் சிறந்த ஒப்பீடு, எந்த முயலுக்கு ஊசியிடப் போகிறோமோ அதே முயலிடமிருந்து ஊசியிடுவதற்கு முன் எடுத்த சீரம். முதல் ஊசியின் அவசரத்தில் இதை எடுக்காமல் விட்டால் பின்னர் பெற வழியே இல்லை. அந்தச் சீரத்தையும் எதிர்ச்சீரத்தைப் போலவே சூடாக்கி, அதே அணுக்களால் உறிஞ்சித் தூய்மைப்படுத்திய பிறகே செலுத்த வேண்டும். இல்லையேல் ஒப்பிடப்படுவது ஆன்டிபாடியன்று, தயாரிப்பு முறை.

ஒப்பீட்டுச் சீரம் பெற்ற குழுவில் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் சேர்ந்து குறைந்து, விலங்கு மயிர் சிலிர்த்துக் கூனிக் கிடந்தால் எண்டோடாக்ஸினைச் சந்தேகியுங்கள். கிராம் எதிர்மறைப் பாக்டீரியாவின் இந்த எச்சம் வடிகட்டியில் தங்காது, சீரத்தைச் சூடாக்கும் வெப்பத்தில் அழியவும் செய்யாது. சீரம் தெளிவாக இருக்கிறது, வடிகட்டியாயிற்று என்பதெல்லாம் இதற்கு உறுதியாகா. லிமுலஸ் சோதனை போன்ற எண்டோடாக்ஸின் சோதனையே விடை தரும். விலைக்கு வாங்கிய ஆன்டிபாடியில் பாதுகாப்புக்காகச் சேர்த்த சோடியம் அசைடு இருக்கிறதா என்று புட்டியின் விவரத்தாளைப் பாருங்கள். அது உயிரணுக்களின் சுவாசத்தையே தடுக்கும் நஞ்சு. அது கலந்த ஆன்டிபாடியை டயாலிசிஸ் செய்யாமல் விலங்குக்குச் செலுத்தக் கூடாது.

இரத்தசோகை மட்டும் ஒப்பீட்டுக் குழுவில் தெரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் நாமே எடுத்த இரத்தம். 25 கிராம் சுண்டெலியின் உடலில் இருப்பது 2 மில்லிலிட்டருக்கும் குறைவான இரத்தம். தினமும் 100 மைக்ரோலிட்டர் எடுத்தால் ஒரு வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், ரெட்டிகுலோசைட்டுகளும் ஏறும். எல்லாக் குழுக்களிலும் ஒரே நாளில், ஒரே அளவு எடுங்கள்.

ஊசியிட்ட சில நிமிடங்களில் விலங்கு சாய்கிறது

இந்த நிலையில் சோதனையைத் தொடரக் கூடாது. அடுத்த விலங்குக்கு ஊசியிடுவதற்கு முன் காரணம் தெரிந்தாக வேண்டும். நெறிக்குழு ஒப்புதல் தந்த நிறுத்த வரம்பு இதற்காகவே எழுதப்பட்டது.

எளிய காரணம், சீரத்தில் திரண்டுபோன ஐஜிஜி. உருகிய சீரத்தின் அடியில் மெல்லிய மேகம்போல் ஒரு படிவு தெரிந்தால் அதை அப்படியே ஊசியில் இழுக்க வேண்டாம்; அதிவேகமாகச் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். காம்ப்ளிமென்டைச் செயலிழக்கச் செய்ய 56 டிகிரியில் 30 நிமிடம் போதும். வெப்பம் 60ஐத் தாண்டினால் ஐஜிஜி திரளத் தொடங்கும். நீர்த்தொட்டியின் காட்சித்திரையை நம்பாமல் தனி வெப்பமானியால் ஒருமுறை சரிபார்ப்பது வீண் வேலையன்று.

கினிப்பன்றிகளில் வேறொரு காரணம் காத்திருக்கிறது. 1911இல் ஃபோர்ஸ்மன் கண்டறிந்த ஆன்டிஜன் கினிப்பன்றி, ஆடு, குதிரை, சுண்டெலி போன்றவற்றின் திசுக்களில் உண்டு. முயலிலும் எலியிலும் இல்லை. எனவே கினிப்பன்றியின் திசு கலந்த தயாரிப்பால் முயலுக்கு ஊசியிட்டால், இரத்த அணுவுக்கான ஆன்டிபாடியோடு ஃபோர்ஸ்மன் ஆன்டிபாடியும் உருவாகலாம். அதைக் கினிப்பன்றிக்குத் திருப்பிச் செலுத்தும்போது, இரத்தக்குழாய்களின் உட்சுவரே தாக்கப்பட்டு, நுரையீரல் நீர்கோத்து, இரத்தம் கசிந்து விலங்கு விரைவில் இறக்கும். இதைக் கண்டறிய ஆட்டின் சிவப்பணுக்கள் போதும்: சூடாக்கிய எதிர்ச்சீரத்தோடு காம்ப்ளிமென்ட் சேர்த்தால் ஆட்டுச் சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று பாருங்கள். உடைந்தால், அந்த அணுக்களாலேயே ஆன்டிபாடியை உறிஞ்சி நீக்கலாம்.

மோனோகுளோனலில் இப்படிப்பட்ட கலப்பு இல்லை. ஆனால் குறி எது என்பது முக்கியம். சுண்டெலியில் சிடி41, சிடி61 தொகுதியைத் தாக்கும் ஆன்டிபாடிகள் எஃப்சி வழியாக உடல்வெப்பத்தைச் சட்டென்று குறைக்கும் கடுமையான எதிர்விளைவை உண்டாக்கலாம். ஜிபி1பி (முன்பு சொன்ன சிடி42) தொகுதியைத் தாக்குபவை தட்டணுக்களை அதே அளவு அகற்றினாலும் இந்த விளைவைத் தருவதில்லை என்பது 2000இல் வெளியான நீஸ்வாண்ட் குழுவினரின் பணியில் தெளிவானது. மலக்குடல் வெப்பநிலை அளந்தால் வேறுபாடு உடனே தெரியும். டோஸைக் குறைத்து மெதுவாக உயர்த்துவது இங்கே பயன் தரும்.

முதல் ஊசியில் ஒன்றும் ஆகாமல், ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரங்களுக்கோ பிறகு செலுத்திய ஊசியில் விலங்கு சாய்ந்தால் அது அனஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி. சீரத்தை மாற்றிப் பயனில்லை. சோதனைத் திட்டத்தை மாற்ற வேண்டும்.

குறிவைக்காத அணுக்களும் குறைகின்றன

பாலிகுளோனல் சீரத்தின் தீராத சிக்கல் இது. முயலுக்குச் செலுத்திய தட்டணுத் தயாரிப்பில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் சிவப்பணு இருந்தாலும், அதன் பருமனும் மேற்பரப்பும் பெரியவை என்பதால் ஆன்டிபாடி உருவாகப் போதுமானது. தயாரிப்புக் குழாயின் அடியில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தாலே மீண்டும் கழுவி, மெதுவான சுழற்சியில் சிவப்பணுக்களை நீக்க வேண்டும்.

சீரம் ஏற்கெனவே தயாராகிவிட்டால் உறிஞ்சி நீக்குவதே வழி. நன்கு கழுவி இறுக்கிய சிவப்பணுக்களை, பத்துப் பங்கு சீரத்துக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் அவ்வப்போது கிளறிவிட்டுச் சுழற்றி எடுங்கள். மேல்நீரைப் புதிய அணுக்களோடு மீண்டும் கலக்க வேண்டும்; ஒட்டுத்திரள் சோதனையில் எதிர்வினை மறையும்வரை இது தொடரும். உறிஞ்சுவதற்கு முன் சீரத்தைச் சூடாக்கிக் காம்ப்ளிமென்டை அடக்கியிருக்க வேண்டும். அதை மறந்தால் அணுக்கள் குழாயிலேயே உடைந்து, சீரம் சிவந்து, சிவப்பணுச் சவ்வுத் துணுக்குகளும் ஆன்டிபாடியோடு பிணைந்த துகள்களும் அதில் மிதக்கும். அப்படிச் சிவந்த சீரத்தை விலங்குக்குச் செலுத்தினால் ஹீமோகுளோபின் அளவீடும் கெடும், முன்பு சொன்ன திரள் எதிர்விளைவும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் தட்டணு ஆன்டிபாடியும் சிறிது குறைவது இயல்பு. ஆதலால் உறிஞ்சிய பிறகே வலிமையை அளந்து டோஸைக் கணக்கிடுங்கள்.

அணுக்களால் உறிஞ்சிய பிறகும் எஞ்சும் ஓர் அசுத்தம் உண்டு. தட்டணுவின் ஆல்ஃபா துகள்களுக்குள் ஃபைப்ரினோஜன் சேமிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அது வெளியேறாது. முயலின் உடலில் ஃபைப்ரினோஜனுக்கு எதிரான ஆன்டிபாடியும் உருவாகும். இப்படிப்பட்ட சீரத்தைப் பெற்ற விலங்கில் இரத்தம் உறையாமல் கசிந்தால், அதைத் தட்டணுக் குறைவின் விளைவு என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் தவறு. பிளாஸ்மாவின் ஃபைப்ரினோஜன் அளவையும் உறைதல் நேரத்தையும் ஒரு முறையாவது அளந்திருக்க வேண்டும். சீரத்தை அந்த விலங்கினத்தின் இயல்பான பிளாஸ்மாவோடு இரட்டைப் பரவல் தட்டில் (இரண்டும் கூழில் பரவிச் சந்திக்கும் தட்டு) வைத்தால் வீழ்படிவுக் கோடு தெரிகிறதா என்பதே இதற்கான எளிய சோதனை. இந்த ஆன்டிபாடியைப் பிளாஸ்மாவைக் கரைசலாகக் கலந்து நீக்க முயன்றால் கரையும் ஆன்டிஜன்–ஆன்டிபாடி பிணைப்புகள் சீரத்திலேயே தங்கிவிடும். திண்மணிகளில் பிணைத்த பிளாஸ்மாப் புரதத்தின் வழியாக ஓடவிடுவதே சரி.

இரத்தசோகை இருக்கிறது, கூம்ஸ் சோதனை எதிர்மறை

கூம்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகியோர் 1945இல் வெளியிட்ட சோதனையின் தத்துவம் எளியது: அணுவின் மேல் ஒட்டிய ஆன்டிபாடியை, அந்த ஆன்டிபாடிக்கு எதிரான இன்னோர் ஆன்டிபாடியால் பிணைத்துத் திரளச் செய்வது. முயல் சீரம் பெற்ற சுண்டெலியின் சிவப்பணுவின் மேல் இருப்பது முயலின் ஐஜிஜி. சுண்டெலி ஐஜிஜிக்கு எதிரான கரைசலைச் சேர்த்தால் எதிர்மறை வருவதில் வியப்பில்லை. ஊசியிட்டு ஒரு வாரத்துக்குப் பின் அந்தக் கரைசலிலும் நேர்மறை வரத் தொடங்கினால், சுண்டெலி முயல் புரதத்துக்கு எதிராகத் தானே ஆன்டிபாடி உருவாக்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரியான கரைசலைச் சேர்த்தும் எதிர்மறையானால், அணுக்களைக் கழுவியது போதவில்லையா என்று பாருங்கள். சீரத்தில் மிதக்கும் ஐஜிஜி கரைசலை நடுநிலையாக்கிவிடும். கரைசலைப் பல நீர்ப்புகளில் சோதியுங்கள், ஏனெனில் ஆன்டிபாடி மிகையாகும்போது முதல் குழாய்களில் திரள் தோன்றாமல் பின்னுள்ளவற்றில் தோன்றும். ஆன்டிபாடி ஒட்டிய அணுக்கள் எல்லாம் ஏற்கெனவே மண்ணீரலில் அழிந்து, மிச்சமிருப்பவை இளம் அணுக்களாக இருப்பதும் உண்டு. அப்போது ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையே சாட்சி.

சிறுநீர் சிவக்கிறது

சிறுநீரைச் சுழற்றுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேல்நீர் தெளிந்தால் அது இரத்தக்கசிவு. மேல்நீர் சிவப்பாகவே இருந்து பிளாஸ்மாவும் சிவந்திருந்தால் சிவப்பணுக்கள் இரத்தக்குழாய்க்குள்ளேயே உடைகின்றன. பிளாஸ்மா இயல்பாக இருந்து சிறுநீர் மட்டும் சிவந்தால் தசைச் சிதைவையும் நினைக்க வேண்டும். குழாய்க்குள் சிதைவு என்பது ஐஜிஎம்மும் காம்ப்ளிமென்டும் மேலோங்கியிருப்பதன் குறி. மண்ணீரல்வழி அழிவை ஆராயத் திட்டமிட்டிருந்தால் இந்தச் சீரம் அதற்கு ஏற்றதன்று. முதல் சில வாரங்களில் எடுத்த சீரத்தில் ஐஜிஎம் மிகும். பிந்திய ஊக்க ஊசிகளுக்குப் பிறகு எடுத்ததையோ, பிரித்தெடுத்த ஐஜிஜியையோ பயன்படுத்துங்கள்.

முதலில் வேலை செய்த சீரம் ஒரு வாரத்தில் பயனற்றுப்போகிறது

விலங்கு அந்நியப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கிக்கொண்டது என்பதே முதன்மைக் காரணம். எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் கூட்டியிருப்பது இரண்டாவது. தினசரிச் சிறு டோஸை நாளுக்கு நாள் உயர்த்திச் செல்வது மஜ்ஜையின் எழுச்சியைச் சில நாட்கள் சமாளிக்கும். முதல் காரணத்துக்கு டோஸ் உயர்வு மருந்தன்று. ஆன்டிஜன்–ஆன்டிபாடி பிணைப்புகள் சிறுநீரகத்தில் படிந்து சீர நோயை உண்டாக்கும், சிறுநீரில் புரதம் தோன்றும். நீண்டநாள் தட்டணுக் குறைவை ஆராய வேண்டுமானால் அதே இன ஆன்டிபாடியையோ, தன்னெதிர்ப்பு நோய் தானாகத் தோன்றும் இனவழியையோ நாடுவது மேல்.

தட்டணுக்கள் இல்லை, ஆனால் இரத்தக்கசிவும் இல்லை

இது பிழையன்று. சுண்டெலியில் தட்டணுக்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனாலும் அமைதியான தோலிலும் நுரையீரலிலும் கசிவு தோன்றாமல் இருக்கலாம். அந்த இடத்தில் அழற்சியை உண்டாக்கியவுடன் இரத்தம் கசிவதை 2008இல் கோர்ஜும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். கசிவு தோன்றும்வரை டோஸை ஏற்றிக்கொண்டே போவது விலங்கை வருத்துமே தவிர விடை தராது.

சிகிச்சை எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை

சிரைவழி இம்யூனோகுளோபுலின் போன்ற ஒரு மருந்தைச் சோதிக்கும்போது, மருந்து பெற்ற குழுவும் பெறாத குழுவும் ஒரே அளவில் தட்டணுக்களை இழந்திருந்தால் மருந்தைக் குறை சொல்லுமுன் சீரத்தின் டோஸைப் பாருங்கள். எண்ணிக்கையை முழுவதுமாகத் துடைத்தெடுக்கும் டோஸில் எந்தப் பாதுகாப்பும் அளவீட்டில் தெரியாது. இயல்பின் கால் பங்கு அளவுக்கு எண்ணிக்கை இறங்கும் டோஸைத் தேர்ந்தெடுத்து, எஃப்சி வழியாக அழிக்கும் ஆன்டிபாடிதானா என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜிபி1பி தொகுதியைத் தாக்கும் ஆன்டிபாடிகளில் சில எஃப்சி ஏற்பிகளின் உதவியில்லாமலேயே தட்டணுக்களை அகற்றுவதால், அந்த ஏற்பிகளின் வழியாக இயங்கும் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. டோஸைத் தீர்மானிக்கும் இந்த முன்சோதனையைச் சீரத்தின் ஒவ்வொரு தொகுப்புக்கும் தனியாகச் செய்ய வேண்டும். ஒரே முயலின் வெவ்வேறு மாதச் சீரங்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், தொடர் சோதனைக்குத் தேவையான முழு அளவையும் முதலிலேயே கலந்து ஒரே தொகுப்பாக்கி, சிறு குப்பிகளில் பிரித்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.